பூஞ்சைக்கு அரிசி கேட்டாள்

1

என் மகள் கயல்விழி பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து ஒரு வாக்கியத்தைத் தப்பாகவே சொல்லிவருகிறாள். "அப்பா, நான் அரிசி சாப்டேன்." நானும் அதே நாளிலிருந்து திருத்திவருகிறேன். "அரிசியைக் கோழி சாப்பிடும். மனுஷன் சாப்பிடறது சோறு."

அவள் பிறந்து வளர்ந்தது நார்வேயின் மேற்குக் கரையில், பெர்கன் என்னும் துறைமுக நகரத்தில். மூட்டையில் கிடப்பதற்கும் தட்டில் ஆவி பறப்பதற்கும் அங்கே ஒரே சொல்தான்: ரிஸ். ஒரே பொருளுக்கு நெல், அரிசி, சோறு என்று மூன்று சொல் வைத்துக்கொள்வது அவளுக்கு வீண்செலவாகத் தெரிகிறது. இப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. முனைவர் பட்டமும் வாங்கிவிட்டாள். அரிசி சாப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இந்தத் தடவை நான் திருவண்ணாமலைக்கு வந்திருந்தபோது, அந்த ஒரு சொல்லால் அவளுடைய வேலையே போயிருக்கும். போகாததற்குக் காரணம் என் சாமர்த்தியம் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் ஏமாறக்கூடாது.

2

நான் அடி அண்ணாமலைக்காரன். மலையைச் சுற்றி வரும் பாதையில் இருக்கும் ஊர். எங்களுக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கள் பக்கம் விளைவது நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும். அப்படிப்பட்டவன் போய்ச் சேர்ந்த இடம் பெர்கனில் ஒரு கடல் ஆராய்ச்சி நிலையம். அதிலும் அனுமதிப் பிரிவு. ஒரு கப்பல் வேறு நாட்டுக் கடலில் கையளவு கடற்பஞ்சைக் கிள்ளி எடுக்க வேண்டுமென்றால் அந்த நாட்டு அரசின் சம்மதம், மீன்வளத் துறையின் அனுமதி, துறைமுகத்தில் இறக்குமதி உரிமம், வேலை முடிந்ததும் மிச்சத்தை அழித்ததற்குச் சான்று என்று எல்லாம் வேண்டும். ஓய்வு பெறும்வரை நான் அந்தக் காகிதங்களோடுதான் குடும்பம் நடத்தினேன். கடற்பஞ்சு நாடு விட்டு நாடு போக நான் காகிதம் வாங்கிக் கொடுத்த அளவுக்கு, நான் நாடு விட்டு நாடு போனபோது என்னிடம் யாரும் காகிதம் கேட்கவில்லை.

அதே நான், அப்பா விட்டுப்போன நிலத்துக்குப் பட்டா மாற்ற வருடாவருடம் வந்துபோகிறேன். இந்த முறை தாலுகா ஆபீஸில் இருந்தவர் மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார்.

"வெளிநாட்ல எந்த டிபார்ட்மென்ட்ல இருந்தீங்க சார்?"

"பர்மிட்."

"அப்படியா? அப்ப உங்களுக்கே எல்லாம் தெரியும். அடுத்த வாரம் வாங்க."

இதைவிடச் சுருக்கமாக என் பணிக்காலத்தை யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

3

அடுத்த வாரம் வரும்வரை நான் உட்காரும் இடம் சின்னக்கடைத் தெருவில் ஜமாலின் அரிசிக் கடை. ஜமால் என்னோடு பள்ளியில் படித்தவன். தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு அரிசி வியாபாரம்தான். என் மகள் செய்யும் வேலை என்ன என்று எத்தனையோ வருடமாகக் கேட்கிறான். நானும் எத்தனையோ வருடமாகச் சொல்கிறேன்.

"கடற்பஞ்சுன்னு ஒரு பிராணி. பார்க்க செடி மாதிரி இருக்கும். பாறையில ஒட்டிக்கிட்டு ஒரே எடத்துல கெடக்கும். ஓடத் தெரியாது, கடிக்கப் பல்லு கெடையாது. ஆனா அதை யாரும் அவ்வளவு சுலபமா தின்ன முடியாது. ஏன்னா, உள்ள வெஷம் இருக்கு. அந்த வெஷத்துல பாதி, உள்ள குடியிருக்கிற பூஞ்சை செய்யறதோன்னு ஒரு சந்தேகம்."

"பூஞ்சைன்னா பூசணந்தான?"

"பூசணந்தான். அந்தப் பூசணத்தை வெளிய எடுத்து, தனியா வளத்து, அதோட சாறை எடுத்து, கண்ணாடித் தட்டுல வச்சிருக்கிற கேன்சர் செல்லு மேல ஊத்துவாங்க. அது சாவுதான்னு பாப்பாங்க. பக்கத்துல நல்ல செல்லும் இருக்கும். அது சாவக்கூடாது."

"எதுல வளக்கறா?"

"அரிசியில. அரிசியும் கடல் தண்ணியும்."

ஜமால் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "அதுக்கு எதுக்குடா நார்வே? ஐப்பசி மாசம் என் குடோனுக்கு வரச் சொல்லு. மூட்டை மூட்டையா வளத்துத் தர்றேன். சம்பளம்கூட வேணாம்."

கடலுக்குள் இருந்த பூஞ்சையை வெளியே எடுத்து நல்ல தீனி போட்டு வளர்த்தால், நாளடைவில் அது கொழுத்துவிடும், பழைய வித்தையை மறந்துவிடும் என்று கயல் ஒருமுறை சொன்னாள். இதிலிருந்து புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளைப் பற்றி ஓர் உவமை எடுக்கலாம். எங்கள் தமிழ்ச் சங்க மலரில் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள், நான் எடுக்கவில்லை.

4

விஷயத்துக்கு வருகிறேன். கயலின் பூஞ்சை ஒன்று, ஒரே ஒரு முறை, அற்புதம் செய்தது. சாறு பட்ட புற்றுநோய் செல்கள் செத்தன. நல்ல செல்கள் பெரும்பாலும் பிழைத்தன. ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். இரண்டாம் முறை வளர்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் முறையும் இல்லை. பூஞ்சை நன்றாக வளர்ந்தது, பச்சையாகப் பூத்தது, சாறும் தந்தது. அந்தச் சாற்றைக் குடித்துவிட்டுப் புற்றுநோய் செல்கள் இன்னும் கொஞ்சம் கேட்கும் போலிருந்தது.

ஒரு முறை மட்டும் நடப்பதற்கு அறிவியலில் மரியாதை இல்லை. திங்கட்கிழமை கூட்டம் வைத்திருந்தார்கள். முதல் தடவை ஏன் வேலை செய்தது என்பதற்கு ஒரு காரணம் சொல்ல முடிந்தால் இன்னொரு வாய்ப்பு. இல்லாவிட்டால் ஆய்வை மூடிவிட்டு, பூஞ்சையை உறைபெட்டியில் வைத்துவிடுவார்கள். நம் அலுவலகங்களில் கோப்பைப் பீரோவின் மேல்தட்டில் வைப்பது மாதிரி. கயலின் ஒப்பந்தமும் அதோடு சேர்ந்து மேல்தட்டுக்குப் போகும்.

நான் ஊரிலிருந்தபடியே தொலைபேசியில் விசாரணை நடத்தினேன். அதே கடல்நீரா? அதே வெப்பமா? அதே குடுவையா? பிரஷர் குக்கருக்குப் பெரியப்பா மாதிரி ஒரு கருவியில் அரிசியையும் தண்ணீரையும் வைத்துக் கிருமி நீக்குவார்கள். அதிலும் அதே நேரமா? எல்லாம் அதேதான் என்றாள். நடைமுறையில் குறையேதும் இல்லை என்று அறிவித்தேன். அனுமதிப் பிரிவின் மொழியில் அதற்கு அர்த்தம், குற்றம் பூஞ்சையுடையது என்பது.

5

அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள் பௌர்ணமி. மாலையில் ஜமாலின் கடையில் இருந்தேன். தெரு முழுக்கக் கிரிவலம் வந்தவர்கள். ஆட்டோக்களைத் தடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் பாதிப் பேர் செருப்பில்லாமல் எங்கள் ஊரில் இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன். பௌர்ணமியன்று எங்கள் ஊரில் அண்ணாமலையாரைப் பார்த்துவிடலாம், சிக்னலைப் பார்க்க முடியாது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் ஒரு சிப்பம் அரிசி வாங்கிக்கொண்டிருந்தார். ஜமால் அவரிடம் என் மகளின் பெருமையை அரிசியோடு சேர்த்து அளந்துகொண்டிருந்தான். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அந்த மருந்து எப்ப சார் வரும்? எங்க அண்ணனை மெட்ராசுக்கு, கேன்சருக்கு கரண்ட் வைக்கக் கூட்டினு போயினு இருக்கோம்."

எந்தக் கேள்விக்கும் என்னிடம் ஒரு நடைமுறை உண்டு. இதற்கு இல்லை. "ரொம்ப வருஷம் ஆகும்மா. வராமலும் போகலாம். இப்ப அவருக்குப் பண்றதை விடாம பண்ணுங்க" என்றேன். அவர் தலையாட்டினார். நிஜத்தைச் சொன்னதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதனால் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அப்போது கயல் வீடியோவில் வந்தாள். எப்படி இணைப்புக் கிடைத்தது என்று தெரியவில்லை. ஜமால் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"கயலு, ஜமால் மாமாம்மா. நல்லா இருக்கியா?"

"இருக்கேன் மாமா. அரிசி சாப்டீங்களா?"

"மூட்டை மூட்டையா இருக்குதும்மா. எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

அவள் சிரிக்கவில்லை. "அப்பா, இங்க்ரித் மறுபடி கேக்கறாங்க, மொதல் தடவை என்ன பண்ணேன்னு. அதேதான் பண்ணேன்னு சொல்றேன். அவங்க நம்பல." இங்க்ரித் அவளுடைய மேலதிகாரி.

"என்னா அரிசிம்மா போட்ட?" என்றான் ஜமால். அரிசிக் கடைக்காரன் வேறு என்ன கேட்பான்!

"அப்பா குடுத்தது மாமா. ஈஸ்டர் லீவு, எல்லாக் கடையும் மூடி. லேப்லயும் அரிசி இல்ல. அப்பாகிட்ட பூஞ்சைக்கு அரிசி வேணும்னு கேட்டேன். டப்பால வெந்த அரிசி குடுத்தாங்க."

"சோறு" என்றேன் நான். வாய்ப் பழக்கம்.

"சோறுதான்பா. அன்னைக்கு நான் அரிசின்னு கரெக்டாதான் கேட்டேன். நீங்கதான் சோறு குடுத்தீங்க."

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அவள் அரிசி என்றால் சோறு என்று மனத்துக்குள் திருத்திக்கொள்வது என் வழக்கம். வாழ்நாளில் முதல் முறையாக அவள் அந்தச் சொல்லைச் சரியாகச் சொன்ன அன்றைக்கு, நான் அதையும் திருத்திவிட்டேன்.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"எப்படியும் அந்தக் குக்கர்ல வேகப்போவுது. ரிஸ்னா ரிஸ்தானப்பா. எங்கப்பா சாப்பாட்டு டப்பா குடுத்தாருன்னு இங்க்ரித்கிட்ட எப்படிச் சொல்றது? ஆனா அப்புறம் சோறும் ஆக்கிப் பாத்தேன். நீங்க வாங்கற அதே கடை, அதே புழுங்கல். ஒண்ணும் ஆகல."

"ஆரணி அரிசியாதான் இருந்திருக்கும். அதான் வேலை செஞ்சிருக்குது" என்றான் ஜமால், கடைக்கு வெளியேயும் கேட்கும்படி. பிறகு சட்டென்று நிறுத்தி, "ஏம்மா, அன்னிக்கு உங்கம்மா வீட்ல இருந்தாங்களா?" என்றான்.

"இல்ல மாமா. மெட்ராஸ்ல சித்தி வீட்ல இருந்தாங்க."

ஜமால் என்னை மேலும் கீழும் பார்த்தான். "டேய் சேகரு. பொண்டாட்டி ஊர்ல இல்லாதப்ப நீ என்னிக்குடா சுடுசோறு துன்னிருக்க? ஒரு நாள் ஆக்கி மூணு நாள் துன்றவன். புள்ளைக்குக் குடுத்தது பழைய சோறுதான?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"தண்ணியை வடிச்சிட்டுத்தான் குடுத்தேன்" என்றேன்.

கயலின் முகம் திரைக்கு மிக அருகில் வந்தது. "பழைய அரிசியா? டேட் முடிஞ்சதா? அப்பா, டேட் முடிஞ்ச அரிசியா குடுத்தீங்க?"

"டேட் இல்லடி, ராத்திரி தண்ணி ஊத்தி..."

படம் அப்படியே நின்றது. அவளுடைய வாய் திறந்தபடி. பிறகு அதுவும் போய்விட்டது.

6

நார்வே மொழியில் பழையதற்குக் 'கம்மெல்' என்று பெயர். நம் ஊரில் காதில் போடுவது. நாளைக் காலை அவள் கூட்டத்தில் எழுந்து நின்று 'கம்மெல் ரிஸ்' என்று சொல்லப்போகிறாள். கேட்பவர்களுக்கு அது காலாவதியான அரிசி. காலாவதியான பொருளைக் கொண்டு செய்த சோதனை எதுவும் செல்லாது. முடிவு நல்லதாக இருந்தாலும் செல்லாது. இந்த விதியை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதை வைத்து எத்தனையோ பேரின் வயிற்றெரிச்சலை நானே வாங்கியிருக்கிறேன்.

திரும்ப அழைத்தேன். போகவில்லை. செய்தி அனுப்பினேன். சுற்றிக்கொண்டே இருந்தது. அரிசி வாங்கிய அம்மாள் சிப்பத்தைத் தூக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"சீக்கிரம் சொல்லிருங்க சார் அந்தப் பொண்ணுக்கு" என்றார்.

ஜமால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்தான். மூட்டை ஏற்றும் வண்டி. மூட்டை உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்தேன். சந்து சந்தாகப் புகுந்தோம். ஊரே மலையை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் எதிர்த் திசையில் போனோம்.

"எல்லாரும் புண்ணியத்துக்குச் சுத்தறான். நீ சிக்னலுக்குச் சுத்தற" என்றான் ஜமால். போலீஸ்காரர் ஒருவர் தடுத்தார். "அவசரம் சார். இவர் பொண்ணுக்கு சோத்துப் பிரச்சினை" என்றான். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து வழி விட்டார்.

கீழ்பென்னாத்தூர் சாலையில் ஊர் எல்லையைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நிலா மல்லாட்டைக் கொல்லைக்கு மேலே வந்துவிட்டிருந்தது. போனில் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அழைத்தால் மறுபடி அறுந்துவிடுமோ என்று பயம். எழுத்தில் கொடுப்பதே முறை. ஆங்கிலத்தில் நடைமுறைக் குறிப்பாகவே எழுத உட்கார்ந்தேன். புழுங்கலரிசிச் சோற்றை ஆறவிடவும். மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றவும். மூடி வைக்கவும். லேசாகப் புளித்த வாசனை வரும். அதைக் கெட்டுப்போனதாகக் கருத வேண்டாம். மறுநாள் நீரை வடிக்கவும்.

அடுத்த வரியில் விரல் நின்றுவிட்டது.

"இன்னாடா, மறந்துட்டியா?"

"எந்த எடத்துல வச்சன்னு எழுதணும். வெப்பம் முக்கியம்."

"அடுப்படில வச்சேன்னு எழுது."

"அங்க அடுப்படி குளிருண்டா. புளிக்காது. வீட்டுலயே சூடா இருக்கறது ஒரே எடந்தான். தரைக்கு அடியில ஹீட்டர் போட்டிருப்பாங்க."

"எங்க?"

"பாத்ரூம்ல."

ஜமால் டீயைக் கீழே வைத்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைக்க அவனுக்குத் துண்டு தேவைப்பட்டது. "உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

தெரியாது. என் வாழ்நாளில் பிறருடைய குறிப்புகளில் விடுபட்ட வரிகளைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியே சம்பளம் வாங்கியவன் நான். விடவும் மனசில்லை, எழுதவும் மனசில்லை. கடைசியில் எழுதினேன்: 'குளியலறையின் சூடான தரையில், இரவு முழுவதும்.' அனுப்பினேன். ஒரு டிக். இரண்டு டிக். நீலம்.

பதில் உடனே வந்தது. ஒரே சொல், இரண்டு கேள்விக்குறிகள்: Bathroom??

7

கூட்டத்தில் என் குறிப்பை இங்க்ரித் வாய்விட்டு வாசித்தாராம். குளியலறை வந்தபோது அறையே சிரித்தது என்று கயல் சொன்னாள். சிரித்து முடித்த பிறகு, "புளித்த தீனி பூஞ்சைக்குப் பழைய வித்தையை நினைவுபடுத்தியிருக்கலாம். இதுவரை நீ கொடுத்த காரணங்களில் இதுதான் சோதித்துப் பார்க்கக்கூடியது" என்றாராம். இன்னொரு முறை வளர்க்க அனுமதி கிடைத்தது. ஒரு குடுவையில் அரிசி, ஒன்றில் அன்றைய சோறு, ஒன்றில் பழைய சோறு. புளிக்க வைத்தது ஆய்வகத்தின் வெப்பப் பெட்டியில். என் குளியலறைக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை. என் மனைவியிடம் இதையெல்லாம் எப்படிச் சொன்னேன் என்பது இந்தக் குறிப்பின் எல்லைக்கு வெளியே.

ஜமாலால் சும்மா இருக்க முடியவில்லை. 'பழைய சோறு கேன்சரைக் குணமாக்கும்: நார்வேயில் கண்டுபிடிப்பு' என்று தெரு வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டான். அரை மணி நேரம் தொலைபேசியில் சண்டை போட்டு அழிக்க வைத்தேன். இதைப் படிக்கும் உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பழைய சோற்றைத் தின்றது பூஞ்சை. விஷத்தைச் செய்ததும் பூஞ்சை. அது கொன்றது கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்களை. தட்டிலிருந்து மனிதனுக்கு வர எத்தனை படி, எத்தனை அனுமதி என்று எனக்குத் தெரியும். பெரும்பாலானவை வழியிலேயே நின்றுவிடும். நீங்கள் பழைய சோறு சாப்பிட்டால் வயிறு குளிரும். அவ்வளவுதான்.

"அப்ப அந்தக் கீழ்பென்னாத்தூர் அம்மாவுக்கு என்னா சொல்றது? போன வாரமும் கேட்டாங்க" என்றான் ஜமால், கோபம் தணிந்த பிறகு.

"அண்ணன் எப்படி இருக்காருன்னு நீ கேளு" என்றேன். கேட்டான். கரண்ட் வைத்து முடித்துவிட்டார்களாம். கஞ்சி இறங்குகிறதாம்.

நான் அதற்குள் பெர்கன் திரும்பி, மழையோடு மறுபடி பழகிக்கொண்டிருந்தேன். பட்டா இன்னும் அடுத்த வாரத்தில்தான் இருக்கிறது. பூஞ்சை வளரப் பல வாரம் ஆகும். சாறு எடுக்க, செல்களின் மேல் ஊற்ற, அதற்கு மேலும் கொஞ்சம். கயலிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் 'அடுத்த வாரம்' என்பாள்; என் மகள் அல்லவா!

நேற்று மாலை போனில் அவளுடைய செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

'அப்பா, அது சோறு சாப்டுச்சு. பழைய சோறு மட்டும்தான் வேலை செஞ்சுது. அரிசியும் இல்ல, சுடுசோறும் இல்ல. இங்க்ரித் அழுதுட்டாங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் வேலை இருக்கு.'

ஒரு பிழையும் இல்லை. அரிசி, சோறு, பழைய சோறு, சுடுசோறு, எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். அதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது.

'காலைலேர்ந்து லேப்ல. நான் இன்னும் அரிசி சாப்பிடல.'

பதில் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். 'அரிசியைக் கோழி' என்பது வரை வந்துவிட்டது. அதை அழித்தேன்.

'வீட்டுக்கு வா. அரிசி சூடா இருக்கு' என்று அனுப்பிவிட்டு, குக்கரை அடுப்பில் வைத்தேன்.